கிளஸ்டரில் ஒரே ஒரு நோடிடம் கேட்பது எப்படி: கிளிக்ஹவுஸ் லோக்கல் குவெரி, முழுமையான வழிகாட்டி

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலையில் போன் வந்தது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எங்கள் பில்லிங் மென்பொருளின் வாடிக்கையாளர்.

“ஏம்மா, நேத்து வியாபாரம்னு ஒரு தொகை காட்டுது. ரெஃப்ரெஷ் பண்ணா வேற தொகை. இன்னொருக்கா பண்ணா பழைய தொகையே வந்து நிக்குது. உங்க கம்ப்யூட்டருக்குச் சாமி வந்திருச்சா? கல்லாவுல இருக்கிற காசோட ரெண்டுமே ஒட்டலை.”

பார்க்கிறேன் அண்ணாச்சி என்று போனை வைப்பதற்குள், பக்கத்து மேசைத் தம்பி தன் திரையை என் பக்கம் திருப்பினான். “அக்கா, நமக்கும் ஆடுதுக்கா.”

ஒரே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), ஒரே தேதி. முதல் முறை 2,82,110 பில். அடுத்த முறை 2,79,867. எர்ரர் எதுவும் இல்லை. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை.

இப்படி எண் ஆடும்போது மொத்தக் கணக்கையே திரும்பத் திரும்பக் கேட்பதில் பயன் இல்லை. மொத்தத்தைக் கூட்டிக் கொடுத்தவர்களிடம் ஆள் ஆளாகப் போய்க் கேட்க வேண்டும். அதைத்தான் லோக்கல் குவெரி என்கிறோம். பல சர்வர்கள் சேர்ந்த கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. அன்றைக்கு நாங்கள் தேடிப் போன வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்துவது கிளிக்ஹவுஸ். யாண்டெக்ஸ் நிறுவனத்துக்குள் பிறந்து, 2016-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த டேட்டாபேஸ்.

ஒரு விஷயம்: கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளஸ்டர்

மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை உள்ள கடைகளின் பில்கள் எல்லாம் இதில் வந்து விழுகின்றன. நான்கு ஷார்டு (மொத்த டேட்டாவைப் பிரித்து வைத்த பங்கு), ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெப்ளிகா, ஆக எட்டு நோடு. ஷார்டுகளுக்கு மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி என்று பெயர். வைத்தது நான்தான். மதுரைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? மல்லி-1, மல்லி-2 என்றால் ஒரே டேட்டாவின் இரண்டு நகல். கிளஸ்டரின் பெயர் பூச்சந்தை.

டேபிள் இரண்டு வகை. ‘பில்_லோக்கல்’ ஒவ்வொரு நோடிலும் இருக்கிறது. டேட்டா டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பது இதில்தான். ‘பில்’ என்பது டிஸ்ட்ரிபியூட்டட் வகை. அதில் தனியாக டேட்டா கிடையாது. நீங்கள் அதைக் கேட்டால், அது நான்கு ஷார்டுக்கும் ஆள் அனுப்பி, ஒவ்வொரு ஷார்டிலும் ஏதாவது ஒரு ரெப்ளிகாவிடம் கேட்டு, வந்த பதில்களைச் சேர்த்துத் தரும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மொத்தம் எத்தனை கிலோ மல்லி வந்தது என்று கேட்டால், சங்க ஆபீஸ் பையன் கடை கடையாகப் போய்க் கேட்டுக் கூட்டிச் சொல்வான். அவன் கையில் பூ கிடையாது. ஒரு கடையில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்து, இரண்டிலும் வேறு வேறு கணக்கு இருந்தால், பையன் யாரிடம் கேட்டான் என்பதைப் பொறுத்து மொத்தம் மாறும். பையன் மேல் தப்பே இல்லை.

படி 1: யார் யார் இருக்கிறார்கள்

ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் பட்டியலை நம்பாதீர்கள். ஆவணம் எப்போதுமே ஒரு சர்வர் பின்தங்கித்தான் இருக்கும். கிளஸ்டரிடமே கேளுங்கள்:

செலக்ட் ஷார்டு_நம், ரெப்ளிகா_நம், ஹோஸ்ட்_நேம், போர்ட், இஸ்_லோக்கல் ஃப்ரம் சிஸ்டம்.கிளஸ்டர்ஸ் வேர் கிளஸ்டர் = 'பூச்சந்தை'

எட்டு வரி வர வேண்டும். இதுவும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நோடின் கான்ஃபிக் சொல்லும் பட்டியல்தான் என்பதை மறக்காதீர்கள். வேறொரு நோடின் கான்ஃபிக் வேறு மாதிரி இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நோடில் ஓட்டி ஒப்பிடுங்கள். இஸ்_லோக்கல் 1 என்று வரும் வரிதான் நீங்கள் இப்போது நிற்கும் இடம்.

படி 2: லோட் பேலன்சரைத் தாண்டி நேராகப் போங்கள்

வழக்கமாக நாம் இணைவது லோட் பேலன்சரின் முகவரியில். அது எந்த நோடுக்குத் தள்ளிவிடும் என்பது நம் கையில் இல்லை. லோக்கல் குவெரிக்கு அது ஆகாது. கிளிக்ஹவுஸ்-கிளையன்ட்டில் ஹோஸ்ட் என்ற இடத்தில் நோடின் பெயரையே கொடுங்கள். நேட்டிவ் இணைப்புக்கு 9000, ஹெச்டிடிபி வழியாகப் போனால் 8123. இவை இயல்பாக இருக்கும் போர்ட்டுகள். டிஎல்எஸ் போட்டிருந்தால் மாறும்.

உள்ளே போனதும் முதல் வேலை: செலக்ட் ஹோஸ்ட்நேம்(). மல்லி-2 என்று நினைத்துக்கொண்டு மல்லி-1-ல் அரைமணி நேரம் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. பல ஜன்னல்கள் திறந்து வேலை பார்ப்பவர்கள் கிளையன்ட் ப்ராம்ப்ட்டிலேயே நோடின் பெயர் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: எந்த டேபிளைக் கேட்கிறீர்கள்

புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. மல்லி-2-க்குள் போய் ‘பில்’ என்ற டேபிளைக் கேட்டால் அது லோக்கல் குவெரி ஆகாது. அங்கேயும் ‘பில்’ டிஸ்ட்ரிபியூட்டட்தான். மறுபடி நான்கு ஷார்டுக்கும் போய்விடும். ‘பில்_லோக்கல்’ என்று கேட்டால்தான் அந்த நோடின் டிஸ்க்கில் இருப்பது மட்டும் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ப்ரிஃபர்_லோக்கல்ஹோஸ்ட்_ரெப்ளிகா என்ற செட்டிங் இயல்பாகவே 1. அதாவது டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளைக் கேட்டாலும், நீங்கள் இணைந்திருக்கும் நோடின் சொந்த ஷார்டுக்கு மட்டும் அது வெளியே போகாது. தன் டிஸ்க்கையே படிக்கும். மற்ற ஷார்டுகளுக்கு எந்த ரெப்ளிகா என்பது லோட்_பேலன்சிங் செட்டிங்கைப் பொறுத்தது. அதன் இயல்பு மதிப்பு ‘ரேண்டம்’: எர்ரர் குறைந்தவர்களுக்குள் யாரோ ஒருவர். அண்ணாச்சியின் ரெஃப்ரெஷ் பட்டன் எண்ணை மாற்றியது இதனால்தான். ஒரு தடவை மல்லி-1 பதில் சொன்னது, அடுத்த தடவை மல்லி-2.

உங்கள் டேபிள்களில் எது லோக்கல், எது டிஸ்ட்ரிபியூட்டட் என்று பெயரிலிருந்து தெரியாவிட்டால் ‘ஷோ கிரியேட் டேபிள்’ போட்டு எஞ்சின் (டேபிள் எந்த வகை என்று சொல்வது) வரியைப் பாருங்கள். இந்த எஞ்சின் வரிக்குப் பின்னால் திரும்ப வருவோம்.

படி 4: எட்டுப் பேரிடமும் ஒரே நேரத்தில்

எட்டு ஜன்னல் திறக்கத் தேவையில்லை. கிளிக்ஹவுஸில் ‘கிளஸ்டர்’, ‘கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸ்’ என்று இரண்டு டேபிள் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. முதலாவது ஷார்டுக்கு ஒரு ரெப்ளிகாவிடம் மட்டும் கேட்கும். இரண்டாவது எல்லா ரெப்ளிகாவிடமும் கேட்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது:

செலக்ட் ஹோஸ்ட்நேம்() ஆஸ் நோடு, கவுண்ட்() ஃப்ரம் கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸ்('பூச்சந்தை', கடை.பில்_லோக்கல்) வேர் தேதி = '…' குரூப் பை நோடு ஆர்டர் பை நோடு

ஹோஸ்ட்நேம்() ஃபங்ஷன் அந்தந்த நோடில் ஓடுவதால் எண் பக்கத்தில் பெயர் சரியாக வந்து உட்காரும். அன்றைக்கு வந்தது இது:

மல்லி-1: 41,210
மல்லி-2: 38,967
பிச்சி-1, பிச்சி-2: 80,500
கனகாம்பரம்-1, கனகாம்பரம்-2: 79,300
சம்பங்கி-1, சம்பங்கி-2: 81,100

கொஞ்ச நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று ஜோடியும் அச்சுப் பிசகாமல் ஒன்று. மல்லி மட்டும் வேறு வேறு. அதுகூடப் பெரிய அதிர்ச்சி இல்லை; ஒரு ரெப்ளிகா பின்தங்குவது நடக்கக்கூடியதுதான். அடிவயிற்றைக் கலக்கியது வேறு. பில் எண்ணின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், பார்க்கத் தாறுமாறான ஒரு எண்) வைத்துத்தான் ஷார்டு பிரிக்கிறோம், அதனால் நான்கு ஷார்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்க வேண்டும். மல்லியில் இரண்டுமே பாதி. 41,210-ஐயும் 38,967-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 80,177. மற்ற ஷார்டுகளின் அளவுக்குச் சரியாக வருகிறது.

ஆக, ஒன்று பின்தங்கவில்லை. இரண்டும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. திரையில் ஆடியது இரண்டாயிரத்துச் சொச்சம் பில். காணாமல் போயிருந்தது நாற்பதாயிரம். திருவிழாக் கூட்டத்தில் எல்லாக் கடையிலும் வியாபாரம் ஏறியிருந்ததால், எட்டில் ஒரு பங்கு குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணாச்சி கல்லாவை எண்ணிப் பார்த்ததால் பட்டது.

படி 5: எந்த நாளிலிருந்து பிரிந்தது

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. நாள்வாரியாகப் பிரித்து இரண்டு ரெப்ளிகாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூடவே சம்(சிட்டிஹாஷ்64(*)) போட்டுக்கொள்ளுங்கள். வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறாக இருந்தால் கவுண்ட் காட்டிக்கொடுக்காது, ஹாஷ் கூட்டுத்தொகை காட்டும். அது டேபிளின் எல்லா நெடுவரிசையையும் படிக்கும் என்பதால் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறுகலாக ஓட்டுங்கள்.

பில் தேதியை வைத்துப் பிரித்தபோது கோடு சுத்தமாக விழவில்லை. இருபது நாளைக்கு முந்தைய தேதியில்கூட மூன்று பில் வித்தியாசம். இன்டர்நெட் இல்லாத நேரத்தில் போட்ட பில்களைச் சில கடைகள் பல நாள் கழித்துத்தான் ஏற்றும். அதனால் பில்லின் தேதியை விட்டுவிட்டு, வரி எங்களிடம் வந்து சேர்ந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். ‘வந்த_நேரம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்திருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. அதை வைத்துப் பார்த்தால், மூன்று நாள் முன்பு இரவு 11 மணி வரை இரண்டும் ஒன்று. அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பொதுவாக இல்லை.

மூன்று நாள் முன்பு இரவு 11 மணிக்கு என்ன நடந்தது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மல்லி-2-ஐப் பெரிய சர்வருக்கு மாற்றியது நான்தான்.

படி 6: எஞ்சினைப் பாருங்கள், பிறகு மற்றது

செலக்ட் ஹோஸ்ட்நேம்(), எஞ்சின் ஃப்ரம் கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸ்('பூச்சந்தை', சிஸ்டம்.டேபிள்ஸ்) வேர் நேம் = 'பில்_லோக்கல்'

ஏழு வரியில் ரெப்ளிகேட்டட்மெர்ஜ்ட்ரீ, தானே நகல் எடுத்துக்கொள்ளும் வகை. மல்லி-2-ல் வெறும் மெர்ஜ்ட்ரீ, நகல் எடுக்காதது.

டேபிளை உருவாக்கும் கட்டளையை என் லேப்டாப்பிலிருந்து காப்பி அடித்திருக்கிறேன். லேப்டாப்பில் கீப்பர் (ரெப்ளிகாக்களை ஒருங்கிணைக்கும் சேவை) கிடையாது. அதனால் அங்கே சாதா மெர்ஜ்ட்ரீ வைத்திருந்தேன். பழைய டேட்டாவை மல்லி-1-லிருந்து ‘ரிமோட்’ ஃபங்ஷன் வழியாக இழுத்து நிரப்பினேன். எண்ணிக்கை ஒட்டியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இன்டர்னல்_ரெப்ளிகேஷன் என்ற செட்டிங் தெரிய வேண்டும். அது ட்ரூ என்றால், டிஸ்ட்ரிபியூட்டட் டேபிள் ஒவ்வொரு வரியையும் ஷார்டில் ஒரே ஒரு ரெப்ளிகாவில் மட்டும் எழுதும். நகல் எடுப்பது ரெப்ளிகேட்டட் எஞ்சினின் பாடு என்று விட்டுவிடும். ரெப்ளிகேட்டட் டேபிள்களுக்கு அதுதான் சரியான அமைப்பு. ஆனால் மல்லி-2 யாருக்கும் நகல் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. எழுதியது எழுதிய இடத்திலேயே தங்கிவிட்டது.

கண்காணிப்பு ஏன் பச்சையாக இருந்தது? நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சிஸ்டம்.ரெப்ளிகாஸ் டேபிளின் அப்சொல்யூட்_டிலே, கியூ_சைஸ் இரண்டையும். ரெப்ளிகேட்டட் இல்லாத டேபிள் அந்தப் பட்டியலிலேயே வராது. வராத வரிக்குத் தாமதம் எங்கிருந்து வரும்? மல்லி-1 மட்டும் வந்தது, அதற்கும் தாமதம் பூஜ்யம், ஏனென்றால் அதற்குக் கூட்டாளியே இல்லை. அதே வரியில் டோட்டல்_ரெப்ளிகாஸ் 1 என்று எழுதியிருந்தது. 2 இருக்க வேண்டிய இடம். அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது எங்கள் அலாரம் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறது.

உங்கள் விஷயத்தில் எஞ்சின் சரியாக இருந்து, எண் மட்டும் வேறுபட்டால் தேட வேண்டிய இடங்கள் வேறு. எல்லாமே அந்தந்த நோடில் மட்டும் தெரிபவை.

சிஸ்டம்.ரெப்ளிகாஸில் இஸ்_ரீட்ஒன்லி 1 ஆக இருந்தால் அந்த நோடுக்குக் கீப்பரோடு தொடர்பு அறுந்திருக்கலாம். சிஸ்டம்.ரெப்ளிகேஷன்_கியூவில் நம்_ட்ரைஸ் ஏறிக்கொண்டே போகிறதா, லாஸ்ட்_எக்செப்ஷனில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். சிஸ்டம்.டிஸ்க்ஸில் ஃப்ரீ_ஸ்பேஸ் பாருங்கள். டிஸ்க் நிறைந்த நோடு நகல் வாங்காது.

இன்னொன்றை அடிக்கடி மறந்துவிடுகிறோம். டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளில் இன்சர்ட் செய்தால், அது இயல்பாக முதலில் ஒருங்கிணைக்கும் நோடின் டிஸ்க்கில் ஃபைலாக விழுந்து, பிறகுதான் பின்னணியில் உரிய ஷார்டுக்குப் போகும். அங்கே தேங்கி நின்றால் எந்த ஷார்டிலும் அந்த வரி இருக்காது. சிஸ்டம்.டிஸ்ட்ரிபியூஷன்_கியூவில் டேட்டா_ஃபைல்ஸ் எத்தனை என்று எல்லா நோடிலும் பாருங்கள். இருந்தால் ‘சிஸ்டம் ஃப்ளஷ் டிஸ்ட்ரிபியூட்டட்’ போட்டுத் தள்ளிவிடலாம்.

ரிப்ளேசிங்மெர்ஜ்ட்ரீ வகை டேபிளாக இருந்தால் அவசரப்பட்டுப் பதறாதீர்கள். அதில் பழைய வரிகள் மெர்ஜ் (பின்னணியில் டேட்டா துண்டுகளைச் சேர்க்கும் வேலை) நடக்கும்போதுதான் கழியும். கவுண்ட்டைக் கேட்கும் நேரத்தைப் பொறுத்து எண் கூடக் குறைய இருப்பது அந்த எஞ்சினின் சுபாவம். ‘ஃபைனல்’ சேர்த்துக் கேட்டு ஒப்பிடுங்கள். அதேபோல ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் சில விநாடிப் பின்னடைவு சகஜம். ஒப்பிடும் முன் பின்தங்கிய நோடில் ‘சிஸ்டம் சின்க் ரெப்ளிகா’ ஓட்டி, அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

படி 7: லோக்கல் பதில்களை எப்படிக் கூட்டக் கூடாது

ஒவ்வொரு நோடிடமும் தனியாகக் கேட்கத் தெரிந்ததும் ஒரு ஆசை வரும்: நாமே பதில்களை எடுத்து எக்செல்லில் கூட்டிவிடலாமே என்று. கவுண்ட்டும் சம்மும் கூட்டலாம், அதுவும் ஷார்டுக்கு ஒரு ரெப்ளிகாவை மட்டும் எடுத்தால். கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸில் குரூப் பை இல்லாமல் சம் போட்டால் எல்லாம் இரண்டு மடங்காக வரும். வருமானம் இரட்டிப்பானதாக ஒரு முறை எங்கள் விற்பனைக் குழுவுக்குச் செய்தி போய், திரும்பப் பெறுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

சராசரியில் கை வைக்கவே கூடாது. பூ மார்க்கெட்டுக்கே போவோம். ஒரு கடை 10 கிலோ மல்லியைக் கிலோ 900 ரூபாய்க்கு விற்றது, இன்னொரு கடை 90 கிலோவை 500 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். கடைகளின் சராசரிக்குச் சராசரி எடுத்தால் 700. உண்மையில் விற்றது 100 கிலோ, வந்தது 54,000 ரூபாய், ஆகவே கிலோ 540. எழுநூறு என்று போய்ச் சொன்னால் மார்க்கெட்டில் சிரிப்பார்கள். ஒவ்வொரு நோடிலும் தொகையையும் எடையையும் தனித்தனியாக எடுத்து, கடைசியில் வகுக்க வேண்டும்.

தனித்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் அப்படித்தான். ஒரே போன் நம்பர் நான்கு ஷார்டிலும் இருக்கும். நான்கு யூனிக் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒருவரை நான்கு பேராக எண்ணியதாகிவிடும். இதற்குக் கிளிக்ஹவுஸ் அழகான வழி வைத்திருக்கிறது. யூனிக் என்பதற்குப் பதிலாக யூனிக்ஸ்டேட் என்று கேட்டால், முடிந்த எண்ணைத் தராமல் பாதி வெந்த நிலையில் கணக்கைத் தரும். அவற்றை யூனிக்மெர்ஜ் போட்டுச் சேர்த்தால் ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணிய விடை வரும். டிஸ்ட்ரிபியூட்டட் டேபிள் உள்ளுக்குள் செய்வதும் இதே மாதிரிதான்.

முதல் பத்துப் பொருள் என்று ஒவ்வொரு நோடிலும் ‘லிமிட் 10’ எடுத்துச் சேர்ப்பதும் பொய்யாகலாம். எல்லா ஷார்டிலும் பதினோராவது இடத்தில் இருக்கும் புடவை, மொத்தத்தில் முதலிடத்தில் இருக்கலாம்.

ஜாயின் (இரண்டு டேபிளைப் பொருத்தி இணைப்பது) விஷயத்தில் எச்சரிக்கை. லோக்கலாக ஜாயின் செய்தால் அந்த நோடில் இருப்பது அந்த நோடில் இருப்பதோடு மட்டும்தான் சேரும். பில்லும் பில்லின் உருப்படிகளும் ஒரே ஷார்டிங் கீயால் பிரிக்கப்பட்டிருந்தால் நல்லது, வேகமும் கிடைக்கும். இல்லையென்றால் பொருந்தாத வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதற்கும் எர்ரர் வராது. டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளுக்குள் இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டட்டை ‘இன்’ போட்டுக் கேட்டால் கிளிக்ஹவுஸ் இயல்பாக மறுத்துவிடும். அங்கே ‘குளோபல் இன்’ பயன்படுத்துங்கள்.

படி 8: நோடை நோகடிக்காமல்

டிஸ்ட்ரிபியூட்டட் குவெரி கடைசியாகப் பதில் தரும் ஷார்டுக்காகக் காத்திருக்கும். நீங்கள் மல்லி-1-ல் உட்கார்ந்து டிஸ்க் முழுவதையும் உருட்டினால், வெளியே எல்லாக் கடையின் ரிப்போர்ட்டும் நிற்கும். அதனால் ஆராய்ச்சிக்குத் தனி யூசர் வையுங்கள்: ரீட்ஒன்லி 2, மேக்ஸ்_எக்சிகியூஷன்_டைம் 30 விநாடி, மேக்ஸ்_த்ரெட்ஸ் 2. ரீட்ஒன்லி 1 போட்டால் செட்டிங்குகளை மாற்றவே விடாது, அது தேடுதல் வேலைக்கு இடைஞ்சல்.

கை மீறிப் போன குவெரியை சிஸ்டம்.ப்ராசசஸில் கண்டுபிடித்து ‘கில் குவெரி’ போடலாம். மற்ற நோடிலிருந்து வந்து இங்கே ஓடும் குட்டிக் குவெரிகளுக்கு இஸ்_இனிஷியல்_குவெரி 0 என்று இருக்கும். இனிஷியல்_குவெரி_ஐடி மூலம் தாய்க் குவெரி எது என்று பிடிக்கலாம். சிஸ்டம்.குவெரி_லாகும் அந்தந்த நோடுக்குச் சொந்தம். ஒரு நோடில் தேடிவிட்டு அப்படி ஒரு குவெரியே ஓடவில்லை என்று சாதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதையும் கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸ் வழியாகவே தேடுங்கள்.

லோக்கல் டேபிளில் ஆல்டர், டெலீட் எதையும் விளையாட்டாகக்கூட ஓட்டாதீர்கள். ரெப்ளிகேட்டட் டேபிளில் அது கூட்டாளி ரெப்ளிகாவுக்கும் போகும், ஆனால் மற்ற ஷார்டுகளுக்குப் போகாது. முழுக் கிளஸ்டருக்கும் வேண்டுமென்றால் ‘ஆன் கிளஸ்டர்’. டேபிளை உருவாக்கும்போதும் அதேதான். அன்றைக்கு இரவு நான் கையால் செய்யாமல் பிச்சி-1-ன் கிரியேட் கட்டளையைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஸ்கிப்_அனவைலபிள்_ஷார்ட்ஸ் என்றொரு செட்டிங் உண்டு. ஒரு ஷார்டு முழுதாகப் படுத்துவிட்டாலும் மற்றவை சொன்னதை மட்டும் கூட்டிக் கொடுத்துவிடும். பணக் கணக்கு இருக்கும் இடத்தில் அதை அணைத்தே வையுங்கள்.

வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. அப்பாச்சி இக்னைட்டில் குவெரி ஆப்ஜெக்ட்டிலேயே செட்லோக்கல் ட்ரூ என்று சொல்லலாம். சைட்டஸில் ஷார்டுகள் ஒர்க்கர் நோடுகளில் எண் ஒட்டிய சாதாரண போஸ்ட்கிரெஸ் டேபிள்களாகவே இருக்கும், நேரே போய்ப் படிக்கலாம். கசாண்ட்ராவில் கதை வேறு: எந்த நோடிடம் கேட்டாலும் அது ஒருங்கிணைப்பாளராகி மற்றவர்களிடம் போய்விடும், இந்த நோடில் இருப்பதை மட்டும் கொடு என்று அதன் குவெரி மொழியான சிக்யூஎல்லில் கேட்க முடியாது. ஒரு கீ யார் யாரிடம் இருக்கிறது என்று நோட்டூல் கெட்எண்ட்பாயிண்ட்ஸ் சொல்லும். டிஸ்க்கில் உள்ளதைப் பார்க்க எஸ்எஸ்டேபிள்டம்ப் வேண்டும்.

படி 9: இரண்டு பாதியைச் சேர்த்தது

இதே வில்லங்கத்தில் மாட்டியவர்களுக்காக இதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் மல்லி-1-ல் சிஸ்டம்.ரெப்ளிகாஸைக் கேட்டு ஜூகீப்பர்_பாத் (கீப்பருக்குள் அந்த டேபிளின் முகவரி) என்ன என்று எடுத்துக்கொண்டோம். புது டேபிளுக்கு எழுத்துப் பிசகாமல் அதே பாதை கொடுக்க வேண்டும். பாதை கொடுக்காமல் விட்டால் அதற்கென்று ஒரு புதுப் பாதை பிறந்து, மறுபடி தனிக்குடித்தனம் தொடங்கிவிடும்.

மல்லி-2-ல் ‘பில்_புது’ என்று ரெப்ளிகேட்டட்மெர்ஜ்ட்ரீ டேபிளை அந்தப் பாதையில் உருவாக்கினோம். உருவாக்கிய உடனே மல்லி-1-லிருந்து டேட்டா இழுக்க ஆரம்பித்துவிட்டது. ‘சிஸ்டம் சின்க் ரெப்ளிகா’ முடியும் வரை காத்திருந்தோம். தம்பி அதற்குள் கீழே போய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கி வந்தான்; உருகிப்போகும் வரை யாரும் தொடவில்லை.

பிறகு ‘எக்சேஞ்ச் டேபிள்ஸ் பில்_லோக்கல் அண்ட் பில்_புது’. அட்டாமிக் வகை டேட்டாபேஸில் இது ஒரே மூச்சில் இரண்டு பெயரையும் மாற்றிவிடும். நடுவில் ஒரு பில்லும் சிதறாது. அந்த நொடியிலிருந்து மல்லி-2-க்கு வரும் பில்கள் ரெப்ளிகேட்டட் டேபிளில் விழுந்தன. ‘பில்_புது’ என்ற பெயரில் இப்போது இருந்தது பழைய மெர்ஜ்ட்ரீ, இனி யாரும் அதில் எழுத மாட்டார்கள்.

அதிலிருந்து, வந்த_நேரம் அந்த இரவு 11 மணிக்குப் பிறகு உள்ள வரிகளை மட்டும் ‘இன்சர்ட் இன்டு பில்_லோக்கல் செலக்ட்’ போட்டு ஏற்றினோம். முழுவதையும் ஏற்றியிருந்தால் பழைய வரிகள் இரண்டு முறை வந்திருக்கும். சர்வரை மாற்றிய இரவில் பில் வரத்தை நிறுத்திவிட்டுத்தான் காப்பி எடுத்திருந்தேன், அதனால் கோடு சுத்தமாக விழுந்தது. அப்படி நிறுத்தாமல் காப்பி எடுத்தவர்கள் பில் எண்ணை வைத்து மல்லி-1-ல் இல்லாதவற்றை மட்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஏற்றிய வரிகள் தானாக மல்லி-1-க்கும் போயின. படி 4-ன் குவெரியைத் திரும்ப ஓட்டினோம். மல்லி-1: 80,177. மல்லி-2: 80,177. ஹாஷ் கூட்டுத்தொகையும் ஒன்று. மொத்தம் 3,21,077, பத்து முறை ரெஃப்ரெஷ் செய்தும் அசையவில்லை. பழைய டேபிளை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத்தான் அழித்தோம்.

மதியம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே கல்லா நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“இப்ப ஒட்டுதும்மா. முப்பது ரூபாதான் இடிக்குது.”

“அது எங்க பக்கம் இல்ல அண்ணாச்சி.”

“தெரியும், தெரியும். பையன் டீ வாங்கியிருப்பான்.”